நேர்ச்சை ஆடும் மஞ்சள் கோடும்

மொகுதூமுக்கு நகம் கடிக்கும் பழக்கம் உண்டு. வயது நாற்பத்தெட்டு. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. துறைமுகச் சாலையில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் இருபது வருஷ சர்வீஸ். இத்தனை இருந்தும் மனசு கொஞ்சம் ஆட்டம் கண்டால் போதும், கை தானாக வாய்க்குப் போய்விடும். அவர் மனைவி ஜைத்தூன் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், கடைசியில் கைகழுவி விட்டாள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஹஜ் மாதத்தின் முதல் பத்து நாள் ஒரு தண்டனை. குர்பானி கொடுக்க நினைத்தவர்கள் பிறை தெரிந்ததிலிருந்து ஆடு அறுபடும் வரை முடி வெட்டுவதில்லை, நகம் களைவதில்லை. மற்ற வருஷங்களில் அவர் இதைச் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடுவார். பாக்குத் தூளை வாயில் அடக்கிக்கொண்டு ஒப்பேற்றுவார். இந்த வருஷம், பெருநாளுக்கு முந்தின நாளின் அரஃபா நோன்பு வைத்திருந்த ஒன்பதாம் நாள் பகலில் அவர் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார்.

"எதுக்கு இப்படி அலையுதிய? ஒரு இடத்துல உக்காருங்களேன். எனக்குல்லா தலை சுத்துது" என்றாள் ஜைத்தூன்.

அவள் நல்ல குஷியில் இருந்தாள். போன மாதம் நடந்த மகள் சுமையாவின் கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் ஹஜ்ஜுப் பெருநாள். காயல்பட்டினத்திலிருந்து சம்பந்தி வீட்டார் ஒன்பது பேர் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். ஈரல் யாருக்கு, தொடைக்கறி யாருக்கு, நெஞ்செலும்பு எந்தச் சட்டிக்கு என்று அவள் ஒரு வாரமாக மனசுக்குள் ஆட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்தில் கட்டியிருந்த ஆடோ இதையெல்லாம் சட்டை செய்யாமல் அகத்திக்கீரையைத் தின்றுகொண்டிருந்தது. எட்டயபுரம் சந்தையில் வாங்கிய கொடி ஆடு. நெடுநெடு என்று உயரம், வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு. கண் பழுதில்லை, காதில் கிழிசல் இல்லை, நாலு காலும் தெளிவாக ஊன்றி நிற்கும். குர்பானிக்கு நொண்டி ஆடு ஆகாது என்பதால் சந்தையிலேயே இரண்டு முறை நடக்கவிட்டுப் பார்த்துத்தான் ஜைத்தூனின் தம்பி அதை வாங்கி வந்தான்.

அந்த ஆட்டில் ஒரு துண்டுகூட அந்த வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. அது மொகுதூமுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பங்குனி வெயில் உச்சியில் நின்ற ஒரு பகலில், அவர் கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டியின் மேலே உட்கார்ந்திருந்தார். தரையில் விசிலோடு நின்று சிக்னல் காட்டியவன் சிலுவை. திரேஸ்புரத்துக்காரன், மொகுதூமைவிட நாலு வயது இளையவன், பதினோரு வருஷமாக அவருக்குக் கீழே விசில் ஊதுகிறவன். வண்டிக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருக்கும். கன்டெய்னர் தொங்கும்போது அந்தக் கோட்டுக்குள் ஆள் வரக் கூடாது, கோட்டைத் தாண்டி வண்டி வரக் கூடாது. அந்த நேரம் பார்த்து மொகுதூமின் செல்போன் சிணுங்கியது. ஜைத்தூன் வீடியோ அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்திறங்கிய ஆடு முற்றத்தில் துள்ளுகிறது, பின்னால் அவள் சிரிக்கிற சத்தம். பார்த்தது நாலே நொடி. அந்த நாலு நொடியில் பிரேக்கிலிருந்து கால் நழுவி வண்டி முன்னால் ஊர்ந்தது. சிலுவை விசில் ஊதினான். மறுபடியும் ஊதினான். மொகுதூம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கன்டெய்னரின் மூலை மஞ்சள் கோட்டைத் தாண்டி அவன்மேல் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மொகுதூம் நடந்த நடைக்குக் கணக்கில்லை. இடுப்பில் ரத்தம் கட்டியிருக்கிறது, இடது கால் நொறுங்கியிருக்கிறது, இருபத்து நாலு மணி நேரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். அப்போதுதான் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, தன் காதிலேயே விழும்படி அவர் சொன்னார்: "யா அல்லா, சிலுவை உசுரோட எழுந்து நின்னா, வீட்டுல நிக்கிற அந்த ஆடு உனக்கு நேர்ச்சை."

சிலுவை இருபத்து மூன்றாம் நாள் எழுந்து நின்றான். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்துக்கொண்டு நின்றான். ஆனாலும் நின்றான்.

இதற்கிடையில் யார்டில் விசாரணை வந்தது. பாதுகாப்பு அதிகாரி கிருபாநிதி காகிதத்தோடு உட்கார்ந்து, "அவன் கோட்டுக்கு உள்ள நின்னானா பாய்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்துக் கேமரா பழுதாகிக் கிடந்தது. மொகுதூம் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். பொய் சொன்னேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது என்று அப்போது அவருக்கு ஓர் ஆறுதல் வேறு! அந்தத் தலையாட்டலைக் கிருபாநிதி முழு வாக்கியமாக எழுதினார், மொகுதூம் அதன் அடியில் கையெழுத்துப் போட்டார். விதியை மீறியவன் என்று சிலுவையின் கேட் பாஸ் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடிபட்டதில் அன்றைய நாளே சிலுவைக்கு மறந்துபோயிருந்தது. பார்க்கப் போன மொகுதூமின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல ஒண்ணுமில்ல பாய். நான் தான் கோட்டுக்குள்ள போயிட்டேனாம்" என்றான். அந்தப் 'போயிட்டேனாம்' மூன்று மாதமாக மொகுதூமின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஒன்பதாம் நாள் மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு அவர் பள்ளிவாசலுக்குப் போனார். இமாம் சின்ன வயதுக்காரர், மதரஸாவிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மொகுதூம் தூணோரம் ஒதுங்கி, "ஒரு கூட்டாளி கேட்டாரு" என்று ஆரம்பித்தார். கூட்டாளி என்று ஆரம்பிக்கிறவர்கள் எல்லாம் யார் என்று எந்த ஊர் இமாமுக்கும் தெரியும். இவரும் தெரியாதது மாதிரியே கேட்டுக்கொண்டார்.

"வாயால சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"இந்த ஆடுன்னு குறிச்சுச் சொன்னாரா?"

"வீட்டுல நிக்கிற ஆடுன்னு சொன்னாரு."

"அப்போ அது அவரு ஆடே இல்ல. விக்க முடியாது, மாத்த முடியாது. மத்த குர்பானி மாதிரி மூணு பங்கு வச்சு வீட்டுக்கு, சொந்தக்காரங்களுக்குன்னு எடுக்கவும் முடியாது. அவரும் திங்கக் கூடாது, அவரு செலவுல இருக்குற யாரும் திங்கக் கூடாது. முழுசும் மிஸ்கீன்களுக்கு, ஏழை எளியவங்களுக்குப் போயிரணும்."

மொகுதூம் தொண்டையைச் செருமினார். "ஒரு... ஒரு சிநேகிதனுக்கு வருஷா வருஷம் கொண்டு போய்க் கொடுக்குறது உண்டு. அதுவும் கூடாதா?"

"அன்பளிப்புக்கு வேற கறி வாங்கிக்கிடச் சொல்லுங்க. நேர்ச்சையை வச்சு இன்னொருத்தர்கிட்ட நல்ல பேரு வாங்க முடியாது."

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தால் மனுஷனுக்கு ஒளிய இடமிருக்காது. ஆனால் மொகுதூம் யார்டில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர், சந்து தெரியாதா? வீட்டுக்கு நடக்கும்போதே ஒரு வழி பிடித்துவிட்டார். நேர்ச்சை என்று சொன்னால் போதும். என்ன நேர்ச்சை என்பதை மாற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்ததும் ஜைத்தூனிடம் சொன்னார். "அந்த ஆடு நேர்ச்சை ஆடு. சுமையா கல்யாணம் நல்லபடியா முடியணும்னு நேந்துக்கிட்டேன். நாம திங்கக் கூடாதாம். இமாம் சொல்லுதாரு."

ஜைத்தூனின் கையிலிருந்த வடை அப்படியே நின்றது. "அடப் பாவி மனுஷா, இதை மூணு மாசமா சொல்ல வாயில்லையா உங்களுக்கு? சம்பந்திமாருக்குக் கடைக்கறியா போடுவேன்?" என்று ஆரம்பித்தவள், ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினாள். பிறகு அவளே அடங்கினாள். மகளுக்காக நேர்ந்துகொண்ட தகப்பன் என்பதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல காரியம் தான் செஞ்சிருக்கிய" என்று சொல்லி, இன்னொரு வடையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

வேலை முடிந்தது. ஆகாத கறி யார் வயிற்றுக்கும் போகப் போவதில்லை. காதும் காதும் வைத்தாற்போல் காரியம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது வடை மொகுதூமுக்கு இறங்கவில்லை. ஜைத்தூன் அன்பாக ஏதாவது பேசப் பேச அவருக்கு எரிச்சலாக வந்தது. சுண்டுவிரல் நகம் இரண்டு தடவை பல்லுக்குள் போய், கடிபடாமல் வெளியே வந்தது.

பெருநாள் காலை. தெற்கேயிருந்து சோளகக் காற்று ஊளையிட்டு அடித்தது. தொழுகை முடிந்து குத்பா உரைக்கு இமாம் மேடையேறினார். மொகுதூம் நாலாவது வரிசையில், வீட்டில் விட்டுவந்த ஆட்டையும், உதுமான் கறிக்கடையில் சொல்லி வைத்த கறியையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இமாம் பாதி தூரம் வந்த பிறகுதான் அவர் காதுக்குள் வார்த்தை நுழைந்தது.

"அல்லாவுக்கு நம்ம கறி தேவையில்ல. அவன் பாக்குறது நம்ம நெஞ்சை. அது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஒண்ணை மட்டும் யோசிச்சுப் பாருங்க. ஆட்டுக்குக் கத்தியைக் காட்டக் கூடாதுன்னு நமக்குச் சட்டம். ஆனா இபுறாஹீம் நபி மகனுக்குக் காட்டுனாங்க. உன்னை அறுக்குற மாதிரி கனவு கண்டேன், நீ என்ன சொல்லுதேன்னு அந்தப் பிள்ளைகிட்டயே கேட்டாங்க. தூங்குற பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். வேற எங்கயோ போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். செய்யல. கத்திக்குக் கீழ படுக்கப் போறவனுக்கு உண்மை தெரியாம அந்தக் காரியம் நடக்கல. ஏமாத்திக் கொடுத்திருந்தா அதுக்குப் பேரு குர்பானி இல்ல."

இமாம் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனாலும், கத்திக்குக் கீழே கிடந்தவன் யார் என்று அவருக்குத் தெரியாதா? குத்பா முடிந்து கட்டித் தழுவ வந்தவர்களுக்கெல்லாம் ஒப்புக்குத் தோளைக் கொடுத்துவிட்டு வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார். நடந்தாரா ஓடினாரா என்று அவருக்கே நினைவில்லை.

உதுமான் முற்றத்தில் குழி வெட்டித் தயாராக இருந்தான். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். மேற்கே, கிப்லா பக்கம் முகம் திருப்பிக் கிடத்தினார்கள். கத்தி உதுமானின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஜைத்தூன் சமையலறை வாசலில், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். எப்போதும் போல உதுமான் கேட்டான்.

"காக்கா, யாருக்காக, என்ன நிய்யத்து? சொல்லி என்கிட்ட ஒப்படைங்க."

நிய்யத்து என்பது எண்ணம்தான், மனசுக்குள் வைத்தால் போதும், வாயால் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. "சுமையா கல்யாணத்துக்கு" என்று சொல்லலாம். "நேர்ச்சை" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு நகரலாம். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன. ஆடு கழுத்தை வளைத்து அவரைப் பார்த்தது. அது பாட்டுக்குப் பார்த்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த ஆட்டை அல்லாவின் பெயர் சொல்லி அறுக்கும் இடத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனிதரிடம் தலையாட்டித் தப்பித்தாயிற்று, இங்கே எதை ஆட்டுவது?

"சிலுவை உசுரு பொழச்சதுக்கு நேர்ச்சை" என்றார் மொகுதூம். "அவனை நான் தான் இடிச்சேன். அதுக்கு நேந்தது."

உதுமான் கடைக்காரன், கேள்வி கேட்கிறவன் இல்லை. பிஸ்மி சொன்னான், தக்பீர் சொன்னான். ஒரே இழுப்பு. ஆடு அடங்கியது.

பிறகு சமையலறை வாசலில் ஜைத்தூனிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிரேக், விசில், கிருபாநிதியின் காகிதம், தலையாட்டல். செல்போன் என்று வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"நான் அனுப்புன வீடியோவா?"

"நீ அனுப்புனது தப்பில்ல. நான் பாத்தது தான்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்து நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன். எம் பிள்ளைக்காக நேந்திருக்கீரேன்னு..." அழுகையும் கோபமும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு மரியாதைகூட மாறி, 'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டது. பிறகு, "உண்மையச் சொன்னா வேலை போயிருமா?" என்றாள்.

"போயிரும்."

"போலீசு?"

"வரும்."

ஜைத்தூன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உதுமான் கறியைத் துண்டு போட்டுத் தனித்தனிப் பையில் கட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் பள்ளிவாசல் வழியாக ஏழைகளுக்குப் போக வேண்டியவை. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சம்பந்திமாரு ஒரு மணிக்கு வாராவ. அதுக்கு முன்னால போய் அந்த மனுசன்கிட்டச் சொல்லிட்டு வாங்க. அவுககிட்டயும் நீங்க தான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

திரேஸ்புரத்தில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் சும்மா கிடந்தன, பெண்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் மொகுதூமைத் தெரியும். "பெருநாளா பாய்?" என்று கேட்டவர்கள் அவர் கையைத்தான் பார்த்தார்கள். வருஷா வருஷம் இந்த நாளில் ஒரு பெரிய தூக்குச்சட்டியோடுதான் அவர் இந்தத் தெருவில் வருவார். வழியில் கடைக்கறி வாங்கிக்கொண்டு போகலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கறியைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சை ஆரம்பிக்கச் சுலபமாக இருக்கும். அந்தச் சுலபம்தான் ஆகாது என்று அதை விட்டுவிட்டார். வெறும் கையோடு நடப்பது அம்மணமாக நடப்பது போல இருந்தது.

சிலுவை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். இடது காலை எதிரே ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தான். அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அவன் மனைவி ஜாய் உள்ளேயிருந்து கழுவிய பாத்திரத்தோடு வந்தாள். அவர் தெருவில் வருவதைப் பார்த்தே எடுத்து வைத்திருக்கிறாள் போல.

"வாங்க அண்ணாச்சி. இந்த வருசம் மறந்துருவியளோன்னு நினைச்சேன்" என்றவள், அவர் கையைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"கறி கொண்டு வரல" என்றார் மொகுதூம். "வேற ஒண்ணு சொல்ல வந்தேன்."

"அதுக்கென்ன பாய், உக்காருங்க. கறியா முக்கியம்?" என்றான் சிலுவை.

அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று பயந்தார். நின்றபடி, தலையைக் குனியாமல், முழுவதையும் சொன்னார். அவனைப் பார்த்தே சொன்னார். நாலு நொடி, ஆட்டு வீடியோ, ஊர்ந்த வண்டி. "நீ ரெண்டு தடவை விசில் ஊதின சிலுவை. ரெண்டும் எனக்குக் கேட்டுச்சு. நிமிந்து பாக்குறதுக்குள்ள..." கடைசியாகக் கிருபாநிதி கேட்ட கேள்வியையும் தன் தலையாட்டலையும் சொன்னார். "இப்பவே யார்டுக்குப் போய் எழுதிக் கொடுத்துருவேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிடுதேன்."

ஜாயின் முகம் கறுத்துவிட்டது. மொகுதூம் அடியையோ வசவையோ எதிர்பார்த்து நின்றார். வந்திருந்தால் அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

சிலுவை அவரைப் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு ஏதோ முணுமுணுத்தது.

"அப்போ நான் எங்க நின்னேன்?" என்று கேட்டான்.

"என்னது?"

"கோட்டுக்கு உள்ளயா வெளியயா?"

"வெளிய தான். நல்லா ரெண்டடி தள்ளி. நீ என்னைக்குக் கோட்டுக்குள்ள வந்திருக்க?"

சிலுவை ஊன்றுகோலை எடுத்தான். ஸ்டூலிலிருந்து காலைத் தூக்கி இறக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். மொகுதூம் பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டான். நின்று, ஜாய் பக்கமாகத் திரும்பினான். மூன்று மாதமாக விடிந்தால் அடைந்தால் 'நீ ஏன் கோட்டுக்குள்ள போன, பதினோரு வருசம் வேலை பாத்தவனுக்கு அறிவு எங்க போச்சு' என்று அவள் கேட்டிருக்கிறாள். அவனும் பதில் தெரியாமல் இரவும் பகலும் தன்னையே அதைக் கேட்டிருக்கிறான்.

"ஏளா, கேட்டியா?" என்றான். குழந்தை மாதிரி அழுதுகொண்டே சொன்னான். "நான் வெளிய தான் நின்னேனாம். வெளிய தான் நின்னிருக்கேன் ஜாயி."

ஜாய் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மொகுதூமுக்கு அங்கே இடமில்லை. அவர் தெருவில் இறங்கி, யார்டுக்குப் போகும் பக்கமாகத் திரும்பி நின்றார்.

"நில்லுங்க பாய்" என்றான் சிலுவை பின்னாலிருந்து. "நானும் வாரேன். நீங்க எழுதும்போது நான் பக்கத்துல நிக்கணும்."

குரலில் மன்னிப்பு இல்லை. அப்படி ஒன்றைக் கேட்க மொகுதூமுக்கும் துணிச்சல் இல்லை. அவர் நின்றார். ஊன்றுகோல் சத்தம் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தது. பிறகு அந்தச் சத்தத்துக்குத் தகுந்தபடி, ஒவ்வோர் அடிக்கும் காத்திருந்து காத்திருந்து, அவர் நடக்க ஆரம்பித்தார்.